மலையக வகுப்பறைக்குள் இணையக் கணிதத்தைக் கொண்டுவருவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

போன தவணையில் ஒரு நாள் தரம் 7 பிள்ளை ஒருத்தியைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, 1/2 உடன் 1/3ஐக் கூட்டச் சொன்னேன். தயங்காமல் 2/5 என்று எழுதினாள். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறாள். பிழை என்று சொல்லாமல், "அம்மாவுக்கு நேற்று அரைப் பேர், இன்றைக்கும் அரைப் பேர், மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலை முழுசாகப் பதிவானால் ஒரு பேர், கொழுந்து குறைந்தால் அரைப் பேர், இது எங்கள் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரிந்த கணக்கு. "ஒரு பேர் சேர்" என்றாள். சரி, அதையே உன் முறையில் கூட்டு என்றேன். 1/2 + 1/2 = 2/4 என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் திரும்பி, "2/4 என்றால் அரைதானே சேர், அப்போ அம்மாவுக்கு அரைப் பேரை வெட்டிட்டாங்களா?" என்று கேட்டாள்.

அன்றைக்கு இரவுதான் இணையத்தில் தேட உட்கார்ந்தேன். என்ன தேட வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது: பகுதியெண் வேறாக இருக்கும்போது ஏன் நேரே கூட்ட முடியாது என்பதைக் கண்ணால் காட்டும் ஒரு கருவி. பத்து நிமிடத்தில் கிடைத்தது. அதற்கு முன்பு பல வருடங்கள் நான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். நல்ல இணையத்தளம் என்று யாராவது சொன்னால் திறந்து பார்ப்பேன், வீடியோவாகப் பார்த்து மாத டேட்டாவைத் தீர்ப்பேன், மறுநாள் வகுப்புக்கு ஒன்றும் மிஞ்சாது.

தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியர்கள், கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ மாலை வகுப்பு எடுக்கும் தம்பி தங்கைகள், வீட்டில் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கும் அக்காமார், உங்கள் எல்லாருக்கும்தான் இது. கையில் ஒரு போன், கிடைத்தால் ஒரு பழைய லப்டொப், மலைக்கு இந்தப் பக்கம் இருந்தால் சிக்னல், அந்தப் பக்கம் போனால் இல்லை. இவ்வளவுதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

படி 1: முதலில் பிழையைப் பிடியுங்கள்

தளத்தைத் தேடுவதற்கு முன் பிள்ளை எங்கே சிக்கியிருக்கிறது என்று பாருங்கள். தரம் 9இல் சமன்பாடு வரவில்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் சமன்பாட்டில் இல்லை, தரம் 7இன் திசைகொண்ட எண்களில் (நேர், மறை எண்களில்) இருக்கும், அல்லது அதற்கும் கீழே பின்னத்தில் இருக்கும். நான் செய்வது இதுதான்: கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் எல்லாத் தரங்களின் கணிதப் பாடநூல்களும் தமிழில் பீடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கின்றன, அதில் இரண்டு தரம் கீழே உள்ள நூலை இறக்கி, பயிற்சிகளிலிருந்து பத்துக் கணக்கைப் பொறுக்கி எடுத்து ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பேன். விடையை மட்டும் பார்க்காதீர்கள், செய்கையைப் பாருங்கள். ஒரே பிழையை ஐந்து பிள்ளைகள் ஒரே மாதிரி செய்திருந்தால் அடுத்த வாரப் பாடம் அதுதான்.

சாதாரண தரத்துக்குப் படிப்பிப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளைத் தேடிப் பாருங்கள். எந்த வினாவில் பரீட்சார்த்திகள் புள்ளி இழந்தார்கள், என்ன பிழை விட்டார்கள் என்று வினா வினாவாகச் சொல்லியிருப்பார்கள். கடந்தகால வினாத்தாளைப் பத்து வருடத்துக்குச் சேர்த்து வைத்திருக்கும் பல ஆசிரியர்கள் இந்த அறிக்கையை ஒரு தடவையாவது திறந்ததில்லை. தயவுசெய்து திறந்து பாருங்கள், ஒரு வருட அறிக்கையை ஆறுதலாக வாசித்தாலே போதும், எதில் நேரம் செலவழிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

படி 2: நம் வீட்டுச் சரக்கை முதலில் எடுங்கள்

வெளியே போவதற்கு முன் இலங்கைக்குள் இருப்பதை முழுதாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாடநூலைச் சொல்லிவிட்டேன். மஹரகமவில் இருக்கும் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் ஆசிரியர் வழிகாட்டிகளும் பாடத்திட்டமும் இருக்கின்றன. தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற் பேறு என்று அடுக்கியிருப்பதைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள், குழுச் செயற்பாடுகள் பல அதற்குள் இருக்கின்றன, கடதாசியும் கத்தரிக்கோலும் இருந்தால் செய்யக்கூடியவை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்ற பாடத் தளம் தரம் வாரியாக, பாடம் வாரியாக மூன்று மொழியிலும் போகும். தமிழ்ப் பக்கமும் சிங்களப் பக்கமும் ஒரே அளவுக்கு நிரம்பியிருக்காது, தமிழில் இல்லாத பாடத்துக்கு மற்ற மொழிப் பக்கத்தையும் எட்டிப் பாருங்கள், படமும் அசைவும் உள்ள பாடத்துக்கு மொழி அவ்வளவு தடையில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களோடு பழைய கணித நூல்களும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். பழைய நூல்களில் கேத்திரகணித நிறுவல்களை விளக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இங்கே ஒரு நுட்பம். நம் கணிதப் பாடநூல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே நூல்தான், பாட வரிசை ஒன்று, பயிற்சி ஒன்று. ஆகவே உலகத் தளங்களில் தேடுவதற்கு ஆங்கிலச் சொல் தேவைப்பட்டால் அகராதியைப் புரட்ட வேண்டாம், அதே தரத்தின் ஆங்கில மொழிமூல நூலை இறக்கி அதே பாடத்தைத் திறந்தால் தலைப்பிலேயே சொல் இருக்கும். அந்தச் சொல்லை அப்படியே யூடியூப்பிலோ கூகுளிலோ போட்டால் சரியான இடத்துக்குக் கொண்டுபோகும். ஆங்கிலம் தடுமாறும் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் மாட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்குகிறார்கள். பழைய தமிழ் பீடிஎஃப் பல பாமினி மாதிரி, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் செய்தவை. அதற்குள் சொல் தேடினால் கிடைக்காது, வெட்டி ஒட்டினால் குழம்பிய எழுத்துகள்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு, ஆனால் கணிதக் குறியீடுகளும் பின்னங்களும் அதில் சிதைந்துபோகும். வினாத்தாள் தயாரிப்பதென்றால் பேசாமல் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேண்டிய கணக்கை வெட்டிப் படமாக ஒட்டுவதே வேகம்.

படி 3: சொல்லைச் சரிபாருங்கள்

இதற்கு நிறைய இடம் கொடுக்கப் போகிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் இங்கேதான் பேசாமல் தோற்கிறார்கள்.

தமிழில் தேடினால் கணித வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. பெரும்பாலானவை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்குச் செய்தவை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூஆர் குறி போட்டு, ஸ்கேன் செய்தால் டிக்‌ஷா தளத்தில் பாட வீடியோ வருகிற மாதிரி செய்திருக்கிறார்கள், 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் யூடியூப்பில் இருக்கின்றன. தரமான வேலை. ஆனால் அவர்கள் முக்கோணம் என்பதை நாம் முக்கோணி என்கிறோம். அவர்களுடைய நாற்கரம் நமக்கு நாற்பக்கல், கர்ணம் நமக்குச் செம்பக்கம், ஆரம் நமக்கு ஆரை. அவர்களுக்குக் கணம், நமக்குத் தொடை. அவர்களுக்கு அணி, நமக்குத் தாயம். அவர்களுக்குச் சாய்வு, நமக்குப் படித்திறன். சர்வசமம் என்று அவர்கள் சொன்னால் நம் நூலில் ஒருங்கிசைவு. புள்ளிவிவரத்துக்குப் போனால் முகடு என்பது நம் ஆகாரம், நிகழ்வெண் என்பது நம் மீடிறன். இயற்கணிதம் என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, இது நமக்கு இல்லாத பாடம் என்று ஒரு பிள்ளை கடந்துபோயிருந்தாள், அது நம் அட்சரகணிதம்தான்.

பொது மடங்குகளுட் சிறியதை நாம் பொ.ம.சி. என்று சுருக்குகிறோம், அங்கே மீச்சிறு பொது மடங்கு. பொதுக் காரணிகளுட் பெரியது, நம் பொ.கா.பெ., அங்கே மீப்பெரு பொதுக் காரணி. கூட்டல் விருத்தி அங்கே கூட்டுத் தொடர்வரிசை.

ஒரு முறை நல்லதொரு வீடியோவை எந்த முன்னேற்பாடும் இல்லாமல் வகுப்பில் போட்டுவிட்டேன். விளக்கம் அருமையாக இருந்தது, பிள்ளைகளும் கவனமாகப் பார்த்தார்கள். தவணைப் பரீட்சையில் "செம்பக்கத்தின் நீளத்தைக் காண்க" என்று வந்தபோது மூன்று பிள்ளைகள் அந்த வினாவைத் தொடவே இல்லை. தேற்றம் தெரியும், செம்பக்கம் எது என்று தெரியவில்லை. அது என் தவறு. அன்றிலிருந்து எந்த வீடியோ என்றாலும் முதலில் நான் தனியாகப் பார்த்து, அதில் வரும் சொற்களையும் நம் நூலின் சொற்களையும் கரும்பலகையின் வலது ஓரத்தில் எதிரெதிராக எழுதிவிட்டுத்தான் போடுகிறேன். பிள்ளைகளின் சிஆர் கொப்பியின் கடைசிப் பக்கத்தையும் இதற்கே ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். தமிழ் விக்கிப்பீடியாவின் கணிதக் கட்டுரைகளில் சில இடங்களில் இரு நாட்டுச் சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், சந்தேகம் வந்தால் அங்கே பாருங்கள், ஆனால் கடைசித் தீர்ப்பு நம் பாடநூலுடையது, ஏனென்றால் பரீட்சைத் தாளில் அந்தச் சொல்தான் வரும்.

படி 4: கருவி, ஒரு நேரத்தில் ஒன்று

எத்தனையோ இருக்கின்றன. நான் இரண்டை மட்டும் நன்றாகப் பழகச் சொல்வேன், மற்றதெல்லாம் அப்புறம்.

முதலாவது ஃபெட் (PhET), திரையில் தொட்டு அசைத்துப் பார்க்கும் கருவிகள் உள்ள இலவசத் தளம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்துவது, நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வைமன் 2002இல் தொடங்கியது. பௌதிகவியலுக்குப் பெயர் போனாலும் கணிதத்துக்கும் நிறையச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு கருவியின் பக்கத்திலும் மொழிபெயர்ப்புகள் என்ற பகுதி இருக்கும், தமிழ் இருக்கிறதா என்று அங்கே பாருங்கள், சிலதற்கு இருக்கும், சிலதற்கு இருக்காது. பின்னங்களின் அறிமுகக் கருவியில் ஒரு வட்டத்தைப் பல சம துண்டுகளாக வெட்டலாம், செவ்வகமாக மாற்றலாம், எண்கோட்டில் பார்க்கலாம். அந்தப் பிள்ளைக்கு நான் காட்டியது இதுதான். செவ்வகத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை நிரப்பச் சொன்னேன், அதை நாலாகப் பிரித்தால் எத்தனை பங்கு, ஆறாகப் பிரித்தால் எத்தனை என்று கேட்டேன். 3/6 என்றாள். 1/3ஐயும் ஆறாகப் பிரித்தால் 2/6. "இப்போ துண்டெல்லாம் ஒரே சைஸ் சேர்" என்று அவளே சொல்லி 5/6 என்று எழுதினாள். பொ.ம.சி. என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

சமன்பாட்டுக்குத் தராசு வைத்த ஒரு கருவி இருக்கிறது, ஒரு தட்டில் எடுத்தால் மற்றத் தட்டிலும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சாய்ந்துவிடும். கொழுந்து நிறுவையைத் தினம் பார்க்கும் பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை. திசைகொண்ட எண்களுக்குக் கடல் மட்டத்துக்கு மேலும் கீழும், வெப்பநிலை, வங்கிக் கணக்கு என்று மூன்று காட்சிகளோடு ஒரு எண்கோடு உண்டு, நுவரெலியாவில் தை மாதத்துக் காலைக் குளிரைச் சொல்லிக்கொண்டே அதைத் திறக்கலாம்.

இரண்டாவது ஜியோஜீப்ரா (GeoGebra), உருவங்களைக் கீறி இழுத்து அசைத்துப் பார்ப்பதற்கு. ஒஸ்திரியாவில் மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் தன் பட்டப்படிப்புக்காக உருவாக்கத் தொடங்கிய மென்பொருள், இன்றைக்கு உலகம் முழுக்கக் கணித வகுப்புகளில் இருக்கிறது. போனிலோ லப்டொப்பிலோ ஒரு தடவை நிறுவினால் பிறகு டேட்டா வேண்டாம். தரம் 11இல் வட்டத் தேற்றத்துக்கு இதை இப்படிப் பாவிக்கலாம்: மையத்தோடு ஒரு வட்டம் கீறுங்கள். பரிதியில் மூன்று புள்ளி வையுங்கள். முதல் இரண்டையும் மையத்தோடு கோடு போட்டு இணையுங்கள், அதே இரண்டையும் மூன்றாவது புள்ளியோடும் இணையுங்கள். கோணம் அளக்கும் கருவியால் மையத்துக் கோணத்தையும் பரிதிக் கோணத்தையும் காட்டுங்கள். இப்போது ஒன்றும் பேசாமல் மூன்றாவது புள்ளியைப் பரிதியில் இழுங்கள். பரிதிக் கோணம் அசையாது. முதல் புள்ளியை இழுங்கள், இரண்டு கோணமும் மாறும், ஆனால் மையத்தில் 84 பாகை என்றால் பரிதியில் 42. மூன்றாவது புள்ளியைச் சிறிய வில்லின் பக்கம் கொண்டுபோனால் மட்டும் எண் திடீரென்று மாறும், ஏன் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு அரைப் பாடவேளை போனாலும் பரவாயில்லை.

வரைபுக்கு மட்டும் என்றால் டெஸ்மொஸ் இன்னும் இலகு, அதன் போன் செயலியும் டேட்டா இல்லாமல் வேலை செய்யும். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குச் சவால் தேடுபவர்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் என்ரிச் தளத்துக்குப் போங்கள், 1996இலிருந்து நடத்துகிறார்கள், ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஒரு வினாவைப் படித்து நீங்களே தமிழில் சொல்லிவிடலாம். கான் அகாடமி என்ற இலவசப் பாடத் தளத்தைப் பற்றி எல்லாரும் சொல்லியிருப்பார்கள், ஆசிரியர் தன்னைத் தயார்படுத்த மிக நல்லது.

படி 5: ஒரு தடவை இறக்கி, பல கைக்குக் கொடுங்கள்

டேட்டா காசு. நூறு ரூபாய் ரீலோட் போடுவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு வீடியோ இணைப்பை அனுப்பிவிட்டு, பார்த்தாயா என்று கேட்பது நியாயமில்லை. கொரோனாக் காலத்தில் சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கும் பெரிய கல்லுக்கும் ஏறியதை நாம் எல்லாரும் பார்த்தோம். அதனால் என் விதி: எதுவும் இணைப்பாகப் போகாது, கோப்பாகத்தான் போகும்.

ஃபெட் கருவிகளைத் தளத்திலேயே தரவிறக்கலாம், தமிழ்ப் பதிப்பு இருந்தால் தமிழிலேயே. ஒவ்வொன்றும் ஒரு தனிக் கோப்பு, பிரௌசரில் இணையம் இல்லாமல் திறக்கும். வட்ஸ்அப்பில் படமாக இல்லாமல் ஆவணமாக அனுப்புங்கள், பிள்ளை தன் போனில் சேமித்து குரோமில் திறக்கலாம். சில போனில் நேரே திறக்காது, அப்போது ஃபைல் மனேஜருக்குள் போய் அந்தக் கோப்பைத் தொட்டு, எதில் திறப்பது என்று கேட்கும்போது குரோமைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். பாடநூலின் முழு பீடிஎஃப்பையும் அனுப்ப வேண்டாம், தேவையான நாலு பக்கத்தை மட்டும் பிரித்து அனுப்பினால் பழைய போனும் தாங்கும்.

ஐந்தாறு போனும் ஒரு லப்டொப்பும் இருக்கும் இடத்துக்குக் கொலிப்ரி என்ற மென்பொருளைச் சொல்வேன். இணையம் இல்லாத இடங்களுக்கென்றே லேர்னிங் ஈக்குவாலிட்டி என்ற இலாப நோக்கற்ற நிறுவனம் செய்து இலவசமாகத் தருகிறது. செய்முறை இப்படி. டவுனில் நல்ல இணைப்புள்ள இடத்தில் லப்டொப்பில் நிறுவுங்கள், ஹட்டனிலோ பதுளையிலோ தெரிந்தவர் வீட்டு வைஃபை போதும். பிறகு அதற்குள் பாட அலைவரிசைகளை இறக்க வேண்டும், கான் அகாடமி முழுவதையும் இறக்கினால் இடமும் போதாது நாளும் போதாது, ஆகவே பின்னம், சமன்பாடு என்று வேண்டிய பகுதியை மட்டும் டிக் செய்யுங்கள். பாடசாலைக்கு வந்ததும் ஒரு சாதாரண வைஃபை ரவுட்டரை மின்சாரத்தில் போடுங்கள், அதற்கு இணைய இணைப்பு தேவையில்லை. லப்டொப்பும் போன்களும் அந்த வைஃபையில் சேரட்டும். கொலிப்ரியின் அமைப்புப் பக்கத்தில் ஒரு முகவரி எண் காட்டும், அதைப் பிள்ளைகள் தங்கள் பிரௌசரில் அடித்தால் லப்டொப்பில் இருக்கும் பாடமெல்லாம் போனில் வரும், யாருடைய டேட்டாவும் போகாது. பாடம் பெரும்பாலும் ஆங்கிலம்தான், எனவே பயிற்சிக் கணக்குகளுக்கு அதிகம் பாவியுங்கள், எண்ணுக்கு மொழி கொஞ்சம் போதும்.

போனே இல்லாத பிள்ளைக்கு? திரையில் காட்டியதைக் கடதாசியில் கொடுங்கள். கட்டத்தாள் பீடிஎஃப் ஒன்றை இறக்கி ஒரு பிரதி எடுத்து போட்டோகொப்பி அடித்தால் போதும்.

படி 6: நாற்பது நிமிடத்துக்குள் எங்கே வைப்பது

ஒரு பாடவேளையை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் போர்ட் இருக்கும் பாடசாலையில் அதைப் பொருத்தித் திறக்கவே பத்து நிமிடம் போகும், ஆகவே இடைவேளையிலேயே திறந்து வைத்துவிடுங்கள். திரைக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். திரையைக் காட்டுவதற்கு முன் எல்லாரும் தங்கள் ஊகத்தைக் கொப்பியில் எழுத வேண்டும், புள்ளியை இழுத்தால் கோணம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா என்று. எழுதிய பிறகு பார்க்கும் பிள்ளையின் கண் வேறு மாதிரி இருக்கும். திரையை அணைத்ததும் நாலு கணக்கு, கையால், பென்சிலால்.

படி 7: கருவியைத் தோட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்

இணையத்தில் வரும் உதாரணமெல்லாம் பீட்ஸாவும் மெட்ரோ ரயிலுமாக இருக்கும். கருவியை வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் நம் எண்ணாக மாற்றுங்கள்.

மலையகத்தில் வீட்டுக்கென்று 7 பேர்ச் காணி என்ற பேச்சைக் கேட்காத பிள்ளை இல்லை. ஒரு பேர்ச் என்பது பதினாறரை அடிச் சதுரம், 272.25 சதுர அடி. ஏழு பேர்ச் 1,905.75 சதுர அடி, கிட்டத்தட்ட 177 சதுர மீற்றர். ஜியோஜீப்ராவில் 33 அடி நீளத்தில் ஒரு பக்கம் கீறி, மற்றப் பக்கம் எவ்வளவு இருந்தால் ஏழு பேர்ச் வரும் என்று கேட்டோம், 57.75 அடி வந்தது. அப்புறம் மைதானத்தில் கயிறு பிடித்து அதையே அளந்து நாலு மூலையிலும் நாலு பிள்ளைகளை நிறுத்தினேன். உள்ளே 10 அடிக்கு 12 அடியில் ஒரு லயன் அறையையும், தோட்டத்து வரிசை வீட்டின் அறையை, சுண்ணாம்பால் போட்டோம். ஒரு காணிக்குள் அப்படி எத்தனை அறை அடங்கும் என்று வகுத்துப் பார்த்தார்கள், பதினாறுக்குச் சற்றுக் குறைவு. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, பின்னால் நின்ற ஒரு பையன் மட்டும் அறைக்கோட்டுக்குள் போய்ப் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

படித்திறனுக்கு நம் ரயில் பாதையைவிட நல்ல உதாரணம் இல்லை. மலையகப் பாதையின் பெரிய ஏற்றம் 44க்கு 1, அதாவது 44 மீற்றர் போனால் 1 மீற்றர் உயரும். டெஸ்மொஸில் 1/44 என்ற படித்திறனில் ஒரு கோடு கீறினால் கிட்டத்தட்டப் படுத்திருக்கும், இந்தப் பாதையில் ரயில் ஏறும் உச்சம் அதுதான் என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அதே இடத்தில் நம் தேயிலை மலைக் குறுக்குப் படியின் படித்திறனையும் அளந்து போடச் சொல்லுங்கள்.

சதவீதத்துக்கு அம்மாவின் சம்பளத் துண்டு. உண்மையான துண்டைக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம், வீட்டு நிலைமை வகுப்பில் வெளியே வரக்கூடாது. கணக்கு வசதிக்கு 20,000 ரூபாய் என்று எடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 சதவீதம், 1,600. தொழில் தருபவர் சேர்க்க வேண்டியது 12 சதவீதம், 2,400. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் தரப்பில் 3 சதவீதம், 600. கொழுந்து நிறுவையில் 20 கிலோவுக்கு 2 கிலோ கழித்தால் எத்தனை சதவீதம் போகிறது, 12 கிலோவுக்கும் அதே 2 கிலோ என்றால் எத்தனை? இரண்டாவது கேள்வியில் வரும் வித்தியாசத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். அடுத்த நாள் சில அம்மாமார் அந்தக் கணக்கைத் திரும்பக் கேட்டனுப்பினார்கள்.

படி 8: சாதாரண தரம் நெருங்கும்போது

இந்தக் கட்டத்தில் புதுத் தளம் தேட வேண்டாம். கடந்தகால வினாத்தாளும் புள்ளித்திட்டமும் போதும். முதலாம் தாள் இரண்டு மணித்தியாலம், 25 குறுவினாவும் ஐந்து அமைப்பு வினாவும். இரண்டாம் தாள் மூன்று மணித்தியாலம், பன்னிரண்டு வினாவில் பத்துக்கு விடை எழுத வேண்டும். போனில் டைமரைப் போட்டு ஒரே இருப்பில் எழுதச் செய்து, புள்ளித்திட்டத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். எந்த வரிக்கு எத்தனை புள்ளி என்று தானே பார்க்கும் பிள்ளை அடுத்த தாளில் செய்கையைத் தாவாது.

கணக்கைப் படம் பிடித்தால் விடை சொல்லும் ஃபோட்டோமத் மாதிரியான செயலிகளைப் பிள்ளைகள் எப்படியும் பாவிக்கிறார்கள், தடுத்துப் பயனில்லை. எழுதி முடித்த பிறகு சரிபார்க்க மட்டும் என்று சொல்லுங்கள், பிழை வந்த வரியைச் சிவப்பால் குறிக்கச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவுக்கும் அதேதான். தமிழில் கேட்டால் சரளமாகப் பதில் சொல்லும், நடுவில் ஒரு கூட்டலைப் பிழையாகச் செய்துவிட்டு அதே சரளத்தோடு முடிக்கவும் செய்யும், நம் சொற்களுக்குப் பதில் வேறு சொற்களையும் போடும். வினாத்தாள் செய்ய நான் அதைப் பாவித்தால் ஒவ்வொரு விடையையும் கையால் செய்து பார்க்காமல் போட்டோகொப்பிக்குக் கொடுக்க மாட்டேன்.

உயர்தர இணைந்த கணிதத்துக்கு ஒரு வரி: தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைப் பரீட்சைத் தாள்கள் தமிழ்மொழி மூலப் பிள்ளைகளுக்குப் பெரிய சொத்து, விடைகளோடு தேடி எடுத்து வையுங்கள்.

படி 9: பென் டிரைவ்

மலையகத்தில் ஆசிரியர் இடமாற்றம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். சேர்த்ததெல்லாம் அவருடைய லப்டொப்போடு போய்விடும், புதிதாக வருபவர் பூச்சியத்திலிருந்து தொடங்குவார். ஆகவே ஒரு பென் டிரைவ் பாடசாலைக்கென்று வாங்குங்கள். தரத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் பாடத்துக்கு ஒரு ஃபோல்டர். கோப்பின் பெயரைத் தமிழிலேயே வையுங்கள், "தரம் 7 பின்னம் கூட்டல், பகுதியெண் வேறு" என்று பிழையின் பெயரை வையுங்கள், தளத்தின் பெயரை அல்ல. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சின்னக் குறிப்பு: எந்தப் பிழைக்கு, எத்தனை நிமிடம், எந்தச் சொல்லை முதலில் எழுத வேண்டும், எங்கே பிள்ளைகள் குழம்பினார்கள். எங்கள் பென் டிரைவ் அதிபர் அறை அலுமாரியில், வரவுப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் முதல் ஃபோல்டரின் பெயர் "அரைப் பேர்".